இன்றைய முறை என்னுடையது

…கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான், பக்கத்து வீட்டு மார்கரெட் எத்தனை தடவை சிரித்தாலும் சரி, எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து நீட்டினாலும் சரி, செவ்வாய்க்கிழமை மத்தியானத்து வாய்க்கால் தண்ணீர் இந்த வீட்டோடு எங்களுக்கு வந்தது. ஸ்பெயின் மலைக்குள் ஒரு கிராமம், பாதிப்பேர் எங்களைப் போல வந்து குடியேறியவர்கள், இங்கிலாந்து, ஹாலந்து, நாங்கள் மதுரை. கோடை வந்தால் மத்தியானம் ஒரு கதவும் திறந்திருக்காது, தூங்கி எழுந்து மார்கரெட் வீட்டு நீச்சல் குளத்தில் விழுவார்கள், பிறகு ஒயின், பிறகு பேச்சு, பேச்சு… நானும் பழகிவிட்டேன், அந்தச் சோம்பல் பிடித்தும் போனது, பொய் சொல்வானேன். ஆனால் குளம் நிறைவது என் தண்ணீரில் என்று தெரிந்த பிறகு தூக்கம் எங்கே வரும்? நாங்கள் வாங்குமுன் இந்த வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் திருப்பிவிட்டுக்கொண்டார்களாம், அப்படியே இருக்கட்டுமாம், குளம் எல்லோருக்கும்தானே வாணி என்கிறாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

என் வீட்டுக்காரர் பீமாராவுக்குப் பயம். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வந்த எடத்துல எதுக்கு வாணி வம்பு, நாலு தக்காளிச் செடிக்கா இம்புட்டு?" என்றார். நாலாகவே இருக்கட்டும். சோழவந்தானில் அப்பா குத்தகைக்குப் பிடித்த வயல் கடைமடை, மேலே உள்ள பெரிய வீட்டார் மனது வைத்தால்தான் எங்களுக்கு முறை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா மடையோரம் நிற்பார், நின்றுகொண்டே இருப்பார், பயிர் காய்ந்துவிடும்… அந்த நிற்பை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது. அதனால்தான் மம்பட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன், குளத்துப் பக்கம் அடைத்தேன், என் பக்கத்து மடைப்பலகையை நானே தூக்கினேன். இங்கே மடைக்கு யாரும் காவல் இருப்பதில்லையாம், மார்கரெட் மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும். என்னையா திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாய்? தண்ணீர் கத்தரிப் பாத்திக்குள் நுழைகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, கால் மட்டும் ஜில்லென்று, ஆகா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது எனக்கு.

யாரோ இருமுகிறார்கள். கீழ்த்தோட்டத்து ரமோன், இந்த ஊரிலேயே பிறந்த கிழவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், எனக்கு அடுத்த முறை அவருடையது. அதற்குள்ளா? முறை மாறுவதற்கான மாதா கோயில் மணி அடித்ததே… கேட்டதே, கேட்காததுபோல் இருந்துவிட்டேனா? கடைசிப் பாத்தி இன்னும் நனையவில்லை. "செத்த இருங்க" என்கிறேன், தமிழில்தான், ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது, தலையை ஆட்டுகிறார், சண்டைக்கு வரவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிற்காதீர்கள் ஐயா, திட்டுங்கள், ஏதாவது சொல்லித் தொலையுங்கள்… பலகையை இறக்க எவ்வளவு நேரம், ஒரு அழுத்து அழுத்தினால் போதும், இறக்கிவிடுவேன், இதோ, இந்தப் பாத்தி மட்டும்… கை பலகைமேல்தான் இருக்கிறது, ஏன் அழுத்த மாட்டேன் என்கிறது?