கொழும்பு வீதி பூட்டப்பட்டதன் சமூகவியல்

ஒரு துறை விஞ்ஞானமாக வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஓர் ஆய்வுப்பொருள் இருக்க வேண்டும். அது தனிமனித மனங்களுக்கு வெளியே நின்று அம்மனங்களை வற்புறுத்த வேண்டும். பரமநாதன் தமது ஆய்வுரையின் முதற் பக்கத்திலேயே இதை எழுதியிருந்தார். பேராதனையில் சமூகவியல் கற்பிக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளர் அவர். வருகிற திங்கட்கிழமைக் கருத்தரங்கில் அந்த உரை தேறினால் பதவி நிரந்தரமாகும். தேறாவிட்டால் யாழ்ப்பாணம் திரும்பி, மாமாவின் டியூட்டரியில் வர்த்தகம் படிப்பிக்க வேண்டும். உரையில் கொள்கை நிறைய இருந்தது. சான்றுதான் ஒன்றும் இல்லை.

சான்று வியாழக்கிழமை பிற்பகல் கண்டியில் கிடைத்தது.

தட்டச்சு செய்த பிரதியை வாங்கிக்கொண்டு அவர் கொழும்பு வீதிக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. கலஹா பஸ் புறப்படும் நேரம். அதுதான் பல்கலைக்கழகத்து வழியாகப் போவது. பிரதி நனையாதபடி சட்டைக்குள் செருகினார், நீளக் குடையைக் கக்கத்தில் இடுக்கினார், ஓடினார். ஸெய்னுலாப்தீனின் புடைவைக் கடைக்கு முன்னால் இடது கால் செருப்பு கழன்றது. குனியவில்லை. பஸ் நிலையத்தை அடைந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தார். வீதி முழுவதும் பூட்டியிருந்தது.

மருந்துக் கடை பூட்டியிருந்தது. நகைக் கடை பூட்டியிருந்தது. சாப்பாட்டுக் கடையின் கதவு மூடப்பட்டு, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். சலூனிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஒருவர் பாதி மீசையுடன் தெருவில் தனியாக நின்றார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின் வந்த மூன்றாவது மழைக்காலம் அது. ஊரடங்குச் சட்டம் போடப்படவில்லை, யாரும் கல்லெறியவில்லை, பூட்டிய கடையொன்றுக்குள் வானொலி பாடிக்கொண்டிருந்தது. எவரும் கட்டளையிடாமல் ஒரு வீதி தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது.

பரமநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. தனிமனித மனங்களுக்கு வெளியே நின்று வற்புறுத்தும் அந்தப் பொருள் கண்ணெதிரே, இரும்புக் கதவுகளாக, வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பேராதனைவரை நடந்தே போனார். ஒற்றைச் செருப்புடன் நடப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. செருப்புத் தொலைந்தது தனிமனித நிகழ்ச்சி. வீதி பூட்டப்பட்டது சமூக நிகழ்ச்சி. இரண்டையும் கலப்பது முறையியற் பிழை. ஆகவே அவர் கலக்கவில்லை.

மறுநாள் இதைக் கமலாசனியிடம் சொன்னார். அவரும் அதே அறையில், அடுத்த மேசையில் இருந்த விரிவுரையாளர். மனிதர் தமது செயலுக்குக் கொடுக்கும் அர்த்தத்தை விளங்காமல் எந்தச் சமூக ஆய்வும் இல்லை என்ற எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்.

"ஆரோ ஒராள் முதல் பூட்டியிருக்க வேணுமே," என்றார் கமலாசனி. "அவரை ஏனெண்டு கேட்டனீங்களோ?"

"அவரின்ர மனசுக்குள்ள என்ன இருந்ததெண்டது எனக்குத் தேவையில்லை. சமூக உண்மையைச் சமூக உண்மையாலதான் விளக்க வேணும்."

"நல்லது. திங்கக்கிழமை நவரட்ணராஜா சேர் அதைத்தான் கேட்பார். அவருக்கும் இப்பிடியே சொல்லுங்கோ. மாமாவின்ர டியூட்டரியில வர்த்தகத்துக்கு ஆள் தேவையெண்டும் சொன்னனீங்கள்."

"நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்," என்ற பரமநாதன், முதற் காரணம் என்று எதுவும் இல்லை என்பதை நிறுவும் நோக்கத்துடன் சனிக்கிழமை கண்டிக்குப் போனார்.

மருந்துக் கடை முனாப், புடைவைக் கடைக்காரரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைத்து, ஒளிவு மறைவின்றிச் சொன்னார். "ஸெய்னுலாப்தீன் நானா பூட்டினார், நானும் பூட்டின. என்னப் பாத்து நகைக் கட பூட்டின. நானாட்ட கேட்டா ஆரோ ஓடினதாம். இந்த வீதியில ஒரு குருவியும் ஓடல்ல, சேர். மனிசன் பட்டப்பகல்ல கனாக் கண்டீக்கிறார்."

ஸெய்னுலாப்தீன் பரமநாதனைக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ வரவழைத்தார். வீதியின் கேலி அவரை இரண்டு நாளில் இளைக்க வைத்திருந்தது.

"நான்தான் மொதல்ல பூட்டின, சேர். ஒரு மனிசன் ஓடினார். சும்மா ஓட்டமில்ல. கக்கத்துல நீளமா, சுடுற துவக்கு மாதிரி ஒண்டு. சட்டைக்குள்ள என்னமோ பொத்திப் புடிச்சீந்தார். மொகத்தப் பாத்தா மௌத்த, சாவ நேர்ல கண்டவர் மாதிரி. இப்ப எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கிற. சின்னப் புள்ளையளும், நானா, கட பூட்டல்லயா எண்டு கேக்குது."

"முகம் ஞாபகமோ?"

"மொகத்த ஆரு பாத்த? ஆனா அத்தாட்சி ஈக்கி."

அலுமாரியைத் திறந்து, புதுச் சேலைகளின் நடுவிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொதியொன்றை எடுத்தார். அவிழ்த்தார். இடது கால் செருப்பு ஒன்று வெளிவந்தது. அதன் வாருக்குக் கலஹாச் சந்தியில் போட்ட பச்சை நூல் தையல் பரமநாதனுக்கு நன்கு பழக்கமானது.

அவர் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். நல்ல தேநீர் என்றார். புறப்பட்டார்.

ஞாயிறு முழுவதும் அவர் எழுதினார். ஆய்வாளன் ஆய்வுப்பொருளுக்கு வெளியே நிற்பவன் என்பது விஞ்ஞானத்தின் அத்திவாரம். எனவே வியாழக்கிழமை கொழும்பு வீதியில் ஆய்வாளன் இருந்திருக்க முடியாது. இருக்காதவன் ஓடியிருக்க முடியாது. தருக்கத்தில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. செருப்பு மட்டும் இடித்தது. இறுதியில், "முதற் காரணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டுப் படுத்தார்.

திங்கட்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தபோது கடைசி வரிசையில் ஸெய்னுலாப்தீன் இருந்தார். வெள்ளைச் சாரம், தொப்பி, மடியில் செய்தித்தாள் பொதி. முதலில் பூட்டியவரைத் தாமே தேடிப் பிடித்து அழைத்து வந்தவர் கமலாசனி. பக்கத்தில் முனாப். தமது அயலவர் பல்கலைக்கழகத்திலும் கேலிக்குள்ளாவதை நேரில் காண அவர் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

உரை நன்றாகவே போனது. முடிந்ததும் பேராசிரியர் நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி, தம்பி. முதல் ஆள் ஏன் பூட்டினவர்?"

"அது உளவியல், சேர்."

"உளவியல் இல்ல, செருப்பு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஸெய்னுலாப்தீன் நடந்து வந்து, பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தார். "ஒராள் ஓடினார். இது அவர்ட."

"நானாட சொந்தப் பழஞ் செருப்பாத்தான் ஈக்கும்," என்றார் முனாப். மண்டபம் சிரித்தது.

ஸெய்னுலாப்தீன் சிரிக்கவில்லை. செருப்பை மறுபடி சுற்ற முயன்றார். தாள் கிழிந்தது. அந்தக் கிழிந்த தாளோடு மல்லுக்கட்டும் விரல்களைப் பரமநாதன் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லைக்கு அப்பாற்பட்டதென்று அவர் எழுதிய முதற் காரணம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நிரந்தரப் பதவியும் அதே தூரத்தில்தான் இருந்தது.

குனிந்து இடது சப்பாத்தைக் கழற்றினார். செருப்பை வாங்கி, காலை நுழைத்தார். அளவாக இருந்தது.

"ஓடினது நான்தான், சேர்."

"ஏன் ஓடினீர்?"

"பஸ்ஸுக்கு."

முனாப்தான் முதலில் பேசினார். "பஸ்ஸுக்கு ஆராச்சும் அப்படி ஓடுவாங்களா, சேர்? அதுக்கா நான் பத்து நிமிசம் கடயப் பூட்டி வெச்சீந்தேன்?"

"வேற ஊரில ஓடுற ஆளைக் கண்டா, பஸ்ஸுக்கு ஓடுறார் எண்டுதான் முதல் நினைப்பினம்," என்றார் கமலாசனி. "இங்க அது கடைசியா வாற நினைப்பு. அதை விளங்காம என்னத்தை விளக்கிறது?"

"அந்த நினைப்பை ஸெய்னுலாப்தீன் நானா உண்டாக்கேல்லை. நானும் உண்டாக்கேல்லை," என்றார் பரமநாதன், ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் செருப்புமாக. "நான் ஓட முதலே அது வீதியில இருந்தது. எங்கள் எல்லாருக்கும் வெளியில."

பேராசிரியர் கண்ணாடியைப் போட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்டைத்தான் ரெண்டு பக்கத்தால சொல்லுறியள். உரையில எல்லாக் கடையும் இருக்கு, உம்மைத்தான் காணேல்லை. உம்மையும் போட்டுத் திருப்பித் தட்டச்சு செய்து நாளைக்குக் கொண்டு வாரும். நியமனக் கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்."

ஸெய்னுலாப்தீன் முனாப் பக்கம் திரும்பினார். "கேட்டியா? மனிசன் ஓடின." முனாப் கூரையைப் பார்த்தார்.

கண்டித் தட்டச்சுக் கடை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். பரமநாதன், ஸெய்னுலாப்தீன், முனாப் மூவரும் பல்கலைக்கழகத்தை அடுத்த கலஹாச் சந்திக்கு வந்தபோது கண்டி பஸ் நகரத் தொடங்கியிருந்தது. பரமநாதன் பிரதியைச் சட்டைக்குள் செருகினார், குடையைக் கக்கத்தில் இடுக்கினார், ஒரு காலைத் தூக்கினார். ஸெய்னுலாப்தீன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடங்க, சேர்."

எதிர்த் தேநீர்க் கடைக்காரர் கதவுப் பலகையில் கைவைத்தபடி பரமநாதனின் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பரமநாதன் அந்தக் காலை மெதுவாக, ஒரு கல்யாண ஊர்வலத்தில் வைப்பது போல, நிலத்தில் வைத்தார். பிறகு மற்றக் காலை. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

தேநீர்க் கடைக்காரர் பலகையிலிருந்து கையை எடுத்து, பிளேன்டீ எத்தனை என்று கேட்டார்.