புல்லு தரேன், வேரு தர மாட்டேன்

“மேரிக்கா, சீக்கிரம் வா! நம்ம பார்க்கை மேஞ்சிக்கினு இருக்காங்க!”

“மாட்டை எவன்டா உள்ள வுட்டது?”

“மாடு இல்லக்கா. மனுசங்க!”

ஆட்டோ ஓட்டுகிற மார்ட்டின் எப்போதும் விளையாட்டுப் பேச்சுக்காரன்தான். ஆனாலும் விடிந்தும் விடியாததுமாகப் போன் பண்ணி விளையாடுகிறவன் இல்லை. உபகாரமேரி கொண்டையை முடிந்துகொண்டே கிளம்பினாள்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டி, அவளுடைய தையல் கடைக்கு நேர் எதிரே இருந்தது அந்தப் பூங்கா. குப்பைமேடாகக் கிடந்த இடம். தெருவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒரு குழுவாக்கி, ஞாயிறு தவறாமல் வேலை வாங்கி, அதைப் பூங்காவாக்கியவள் அவள்தான்.

கேட்டைத் தாண்டியதும் பார்த்தாள். ஊரே புல்தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது போலத் தெரிந்தது. ஆளுக்கொரு மஞ்சள் பை. கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயில் தாங்கும், தண்ணீர் கம்மியாகக் கேட்கும் என்று நைனார்பாளையத்து வயல் வரப்புகளிலிருந்து அறுகம்புல்லைப் பெயர்த்து வந்து நட்டது அவளுடைய யோசனை. மாதா கோயிலுக்குப் போகிற அவளுக்கு அது வெறும் புல். ஊருக்கு அது பூசைப் பொருள். குழுவில் பாதிப் பேர் பிள்ளையார் கும்பிடுகிறவர்கள்தான், அவர்களுக்கும் தோன்றவில்லை. வரப்பில் மிதிபடுகிற புல்லைத் தேடிப் பார்க்குக்கு யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

வேறு நாளாக இருந்தால், போகட்டும், மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்றிருப்பாள். மறுநாள் காலையில் நகராட்சி இன்ஜினியர் பார்க்க வருகிறார். பச்சை நின்றிருந்தால் பூங்கா குழுவின் கையிலேயே இருக்கும். மண் தெரிந்தால் மொத்தத்துக்கும் பேவர் பிளாக் கல்லைப் பதித்து மூடிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இப்போதே பாய் அளவுக்கு மண் தெரிந்தது.

“கேட்டைப் பூட்டிடலாங்கா” என்றான் மார்ட்டின்.

“உள்ள இத்தினி பேரை வெச்சிக்கினா? சும்மா இரு.”

பக்கத்துத் தெருப் பிள்ளையார் கமிட்டித் தலைவர் வேடியப்பன் எழுந்து நின்றார். “இன்னாம்மா, புள்ளையாருக்குப் புல்லு எடுக்க உங்கிட்ட கேக்கணுமா? உங்க சாமின்னா வுட்டுடுவ, இல்ல?”

எல்லோருடைய கையும் அப்படியே நின்றது.

உபகாரமேரி குரலை உயர்த்தவில்லை. “குருத்து ஞாயித்துக்கு இந்தப் பார்க்குத் தென்னையில குருத்து வெட்ட வந்தது யாருங்க? எங்க கோயில் ஆளுங்க. ஏணியைப் புடுங்கினு போனது யாரு?”

“அக்காதான்! அது என்னோட ஏணி. இன்னும் பார்க்கு சாமான் ரூம்லதான் கெடக்குது” என்றான் மார்ட்டின்.

சிரிப்பு பரவியது. அவள் விடவில்லை. “குருத்தை வெட்டினா மரமே பட்டுடும்னு வெட்ட வுடல. அடி மட்டையை நானே அறுத்துக் குடுத்தேன். உங்களுக்கும் அதே சட்டந்தான் அண்ணே. புல்லு தரேன், வேரு தர மாட்டேன். வேரும் மண்ணுமாவா மாலை கட்டுவீங்க?”

வேடியப்பன் தன் பையைக் குனிந்து பார்த்தார். பாதிக்கு மேல் மண்.

“சரி, எதால அறுக்கறது?” என்றார், குரல் இறங்கி.

உபகாரமேரி கடையைத் திறந்து பெரிய வெட்டுக் கத்தரியை எடுத்தாள். பிடியில் பிளாஸ்திரி சுற்றி, ‘துணிக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. காகிதம் வெட்ட அதை எடுத்ததற்காகப் பெற்ற மகள் பிரின்சியிடமே ஒரு வாரம் பேசாதவள். கொஞ்சம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள்.

அதைப் பார்த்ததும் ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி அரிவாளும் கத்தியும் கொண்டுவந்தார்கள். குழுவைச் சேர்ந்த பழனியம்மாள் வெள்ளிமலைக்காரி. சாமை அறுத்துப் பழகிய கை. “கொத்தா புடி. கீழ ரெண்டு வெரல் வுட்டு அறு. அய்ய, செரைக்காத!” என்று நடுவில் நின்று விரட்டினாள்.

“உங்க மாலைக்கு ஜாஸ்தி வேணுமே அண்ணே?” என்றாள் உபகாரமேரி. “கொழாயாண்டயிருந்து ஊஞ்சல் வரைக்கும் காடா நிக்குது. ஒரே மட்டமா அறுத்துக்குங்க.”

புல் வெட்டும் மெஷின் பழுதாகிக் கிடந்ததில், அந்தப் பக்கத்தை எப்படிச் சீராக்குவது என்றுதான் அவளுக்கு முந்தின நாளெல்லாம் கவலை. வேடியப்பன் வியர்க்க விறுவிறுக்க ஊஞ்சல் வரை அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, என்னை வெச்சி உன் வேலைய முடிச்சிக்கினியா?”

“புள்ளையார் வேலை அண்ணே. நான் இன்னா பண்ணேன்?”

பைகளில் இருந்த வேரையெல்லாம் கொட்டச் சொல்லி, சொட்டையான இடத்தில் ஊன்றித் தண்ணீர் விட்டார்கள். கணுவில் ஈர மண் பட்டால் போதும், அறுகு பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் இன்ஜினியர் அந்த இடத்தில்தான் நேராக வந்து நின்றார். “இங்க என்னம்மா ஆச்சு?”

“நேத்து சாமிக்குப் புடுங்கிட்டாங்க சார். திரும்ப நட்டுட்டோம்.”

“அடுத்த வருசமும் வருவாங்களே?”

“வரட்டும் சார். இனிமே புடுங்க மாட்டாங்க, அறுப்பாங்க. அறுக்கத்தான் ஆளு தேடிக்கினு இருந்தோம்.”

இன்ஜினியர் சீராக வெட்டிய புல்லின் மேல் ஊஞ்சல் வரை நடந்து பார்த்தார். “கல்லு வேற எடத்துக்குப் போகட்டும். நீங்களே பாத்துக்குங்க” என்றார்.

மதியம் ஜாக்கெட் துணி வெட்டப் போனபோது கத்தரி துணியைக் கடித்து மென்றது. உபகாரமேரி பழைய பிளாஸ்திரியை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றி, ‘புல்லுக்கு மட்டும்’ என்று எழுதினாள். பூங்காவின் சாமான் அறையில், மார்ட்டினுடைய ஏணிக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டு, புதுக் கத்தரி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.