எல்லப்பனின் நடுக்கை

1954 வைகாசியில், மல்லாட்டைக் கடலை பிடுங்கிய வாரம், நெரும்பூர் எல்லப்பனுக்கு மார்பின் நடுவே மூன்றாவது கை முளைத்தது. திங்கட்கிழமை எலுமிச்சை அளவு வீக்கம். வெள்ளிக்கிழமை முழங்கையும் ஆறு விரலுமாக முழுக்கை. வலியில்லை, காய்ச்சலில்லை. ஊர் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியது. ஓர் ஆள் ஒன்றரை ஆள் வேலை செய்ததால் யாரும் குறை சொல்லவில்லை. தையற்காரர் வரதன்தான் சட்டைப் பொத்தான்களை ஓரத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் விஞ்ஞானம் நடத்தும் தாவீது வாத்தியார் சைக்கிளில் வந்து ஆராய்ந்தார். மனித இனம் இன்னும் வளர்ந்து முடியவில்லை, அன்றைக்கு வால் போனது, இன்றைக்குக் கை வருகிறது, சில ஆயிரம் வருடத்தில் எல்லோருக்கும் இதே மாதிரிதான் என்றார்.

“அதுவரைக்கும் நான் ஒண்டியா இன்னா சார் பண்றது? ஆவணியில கண்ணாலம் கீது” என்றான் எல்லப்பன்.

வினை நிச்சயதார்த்தத்தில் வந்தது. பெண் புதுப்பட்டினம் பூவாயி. திருக்கழுக்குன்றம் தேர்த்திருவிழாவில் அவளை ஒருமுறை பார்த்ததிலிருந்து எல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து நின்றவனிடம் பெண்ணின் அப்பா அருணகிரி வெற்றிலையை நீட்ட, நடுக்கை தன் பாட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு மூன்று கை இருப்பதில் அருணகிரிக்கு ஆட்சேபமே இல்லை. வாங்கியது சோத்துக்கையா, பீச்சாங்கையா? அதைத்தான் கேட்டார்.

கட்டைவிரலை வைத்துச் சொல்லிவிடலாமென்று பெரியவர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள். இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் இருந்தது. பஞ்சாயத்து மூன்று தரம் கூடியது. சோற்றைக் கொடுத்தால் கை பிசைந்தது, செம்பைக் கொடுத்தால் கால் கழுவியது. எதற்கும் மாட்டேன் என்னாத அந்த நல்ல குணமே அதற்கு எமனாயிற்று. கையை எடுத்தால் பெண், இல்லாவிட்டால் வெற்றிலையைத் திருப்பு என்று சொல்லிவிட்டார் அருணகிரி.

ஆஸ்பத்திரியில் அரைமணி நேர வேலை என்றார்கள். எல்லப்பன் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றான். நடுக்கை ஒன்றும் அறியாமல் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் அதுவேதான் துடைத்தது.

வந்த பஸ்ஸிலிருந்து பூவாயி இறங்கினாள். சேதி கேள்விப்பட்டு, சந்தைக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவள்.

“இன்னாத்துக்கு வெட்டிக்கப் போறே?”

“உங்க நைனாதான் எந்தக் கையின்னு கேக்குறாரே.”

பூவாயி ஒவ்வொரு கையாகத் தொட்டுக் காட்டினாள். “சோத்துக்கை ஊருக்கு. பீச்சாங்கை உனுக்கு. இது எனுக்கு. என் கைய வெட்டச் சொல்ல அவுரு யாரு?”

பஸ் போய்விட்டது. மகள் சொன்னதைக் கேட்ட அருணகிரி வெற்றிலைப் பேச்சை விட்டார், பஞ்சாயத்தும் கலைந்தது. ஆவணியில் எல்லப்பன் இரண்டு கையால் தாலி கட்டினான், நடுக்கை அவள் கையைப் பிடித்திருந்தது.

ஐம்பத்தாறில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி ஆராயி குளிப்பாட்டி, துடைத்து, கைகளுக்கு வசம்பு வளையல் மாட்டிவிட்டு, கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“ரெண்டுதான் கோத்துக் குடுத்தீங்க. இன்னொண்ணு வேணும்.”