முதல் செமஸ்டரில் நான்கு மணி நேரம்

பாடத்திட்டக் குழு என்று பெயர்தான் பெரிது. நடப்பதென்னவோ வரப்புத் தகராறு. கோவையில் அந்த இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்து, பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம் என்று ஆனதும், துறைத் தலைவர்கள் ஆளுக்கு ஆள் தங்கள் பாட நேரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நேரம் குறைந்தால் துறையில் வாத்தியார் குறைவார். நாட்டுக்கு எப்படிப்பட்ட இன்ஜினியர் வேண்டும் என்ற கவலை யாருக்கு?

கணக்குத் துறையில் தற்காலிக விரிவுரையாளர் கிளாடிஸுக்கு இருந்த கவலை நந்திதா. வெள்ளகோவிலில் தமிழில் படித்துப் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண். இங்கே இங்கிலீஷ் புரியாமல் முதல் செமஸ்டரில் எல்லாப் பாடமும் போய்விட்டது. கிளாடிஸ் விடுதிக்கே போய்க் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். மற்றப் பாடங்களை யார் சொல்லுவார்? அப்பா ஐயாசாமி மாப்பிள்ளை பார்த்துவிட்டு, மகளை அழைத்துப்போக வந்து நின்றார். பாடங்களைத் தமிழில் விளக்க ஒரு வகுப்பு வரப்போகிறது, பொறுங்கள் என்று கிளாடிஸ் கெஞ்சினாள்.

“அது வந்தா என்ற புள்ள பாசாயிருவாளுங்களா?”

“கண்டிப்பா ஆயிருவாளுங்க.”

வாய்ச்சொல்லை நம்பி மனிதர் ஊருக்குத் திரும்பினார். வகுப்போ இன்னும் அவள் மனசில்தான் இருந்தது. அதற்கு வாரம் நான்கு மணி நேரம் வேண்டும். மெக்கானிக்கல்காரர் முடியாது என்றார். இயற்பியல்காரர் சிரித்தே அனுப்பிவிட்டார். கடைசியில் தன் துறைத் தலைவர் தம்பிதுரையிடமே போய், கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தத் தமிழ் வகுப்பை எல்லாத் துறைகளும் முறைவைத்து எடுத்தால் போதும் என்பது அவள் யோசனை.

“எல்லா செக்‌ஷனும் சேர்த்தா ஒரு ஆளு வேலையே போயிருமுங்க அம்மணி. கடைசியாச் சேர்ந்தது நீங்க.”

“பரவாயில்லைங்க சார்.”

பரவாயில்லையாவது. போத்தனூரில் அம்மாவும் தம்பியும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அன்று பஸ்ஸில் வீடு போனாள்.

குழு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. அடுத்தவர் வேலைதானே. வேலை போன துக்கத்தையும் மறந்து, முதல் வகுப்பிலேயே நந்திதாவைச் சேர்க்கச் சொல்லித் தம்பிதுரையிடம் ஓடினாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“புதுப் பாடத்திட்டம் வர்ற ஜூன்ல சேர்றவங்களுக்குத்தானுங்க. நந்திதா பழைய திட்டத்துல சேர்ந்த புள்ள. தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நெனச்சனுங்க.”

தெரியாத விஷயமா? கல்லூரிப் பியூனுக்குக்கூடத் தெரியும். பதைப்பில் அவளுக்குத்தான் உறைக்கவில்லை. பழைய பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு என்று கெஞ்சிப் பார்த்தாள். குழு இனி அடுத்த வருஷம்தான் கூடும் என்று தம்பிதுரை சொல்லிவிட்டார்.

மகளை அழைத்துப்போக மறுபடி வந்த ஐயாசாமி திட்டியிருந்தால் தேவலை. “உங்களால ஆனதச் செஞ்சுபோட்டீங்க, விடுங்க” என்று சொல்லி, மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

நந்திதா மட்டும் நின்றாள். “அடுத்த வருசம் வர்றவங்களுக்கு எல்லாம் புரியுமுங்களா மேடம்?”

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கிளாடிஸ் ஆமென்று தலையை ஆட்டினாள். இன்னும் கண்ணால்கூடப் பார்த்திராத அந்தப் பிள்ளைகளை நினைத்து அவளுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.