உச்சியில் விட்ட மிளகு

மிக்ஸியை எடுத்துவரத்தான் போனேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வதென்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். மறுநாள் நாமக்கல் கோர்ட்டில் எங்கள் விவாகரத்துக்குக் கடைசி வாய்தா. இருவரும் நேரில் போய், பிரியச் சம்மதமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டியது, அவ்வளவுதான். இத்தனை நாள் அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு முந்தின நாள் பார்த்து மிக்ஸி எதற்கு என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

உண்மையில் என்னைக் கிளப்பிவிட்டது பெருமாயி அக்கா. வாசலூர்பட்டி ஏரிப் படகுத்துறையில் எனக்குப் பக்கத்தில் அன்னாசிப்பழம் விற்கிறவள்.

"ஏன் சுஜிதா, உங்கூட்டுக்காரரு தோட்டத்துல இந்த வருசம் ஏணி புடிக்கறது கூலிக்கு வர்ற அந்தக் கோகிலவாணியாமே?" என்று பழத்தைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"புடிக்கட்டும், எனக்கென்னக்கா" என்றேன். சொல்லிவிட்டு, வந்தவருக்குச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தேன்.

எங்கள் மலையில் மிளகு பறிக்கும் ஏணி ஒற்றை மூங்கில். கிளைகளை வெட்டும்போது கணுவில் விட்டுவைத்த குட்டை முட்டுதான் படி. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஏறினால் மூங்கில் திருகிக்கொள்ளும். கீழே ஒருவர் அடியைக் குதிகாலால் மிதித்து, தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவர் அசந்தால் ஏறினவர் கதை முடிந்தது. கல்யாணமானதிலிருந்து அருள்பிரகாஷுக்கு ஏணி பிடித்தது நான். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் பிடித்தேன். அந்த மூங்கிலை இன்னொருத்தி பிடிக்கிறாள் என்றால் அவர் கையையே பிடித்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

வேண்டாமென்று வந்தவளுக்கு இந்தப் பொறாமை எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டால் போய்விடுமா? நான் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. வீட்டோரப் பலாமரத்துச் சுளையைத்தான் நான் ஏரிக்கரையில் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த மரத்தை வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டார். ஏன் என்றதற்கு, "எம் மரம், உன்னைய எதுக்குக் கேக்கோணும்?" என்றார். அன்றைக்கே வளப்பூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் வந்து கூப்பிடவில்லை. வக்கீலைப் பார்த்தது நான்தான். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

அவர் ஊர் இருக்கும் குண்டனி நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோதே தோட்டம் கண்ணில் பட்டது. எல்லா மரத்திலும் பாதி வரைக்கும் ஒட்டப் பறித்திருந்தது. உச்சியில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பழுத்துச் சிவந்து கிடக்க, குருவிகள் தின்றுகொண்டிருந்தன. அருள்பிரகாஷ் உச்சிக் கொத்தை விட்டுவைக்கிற ஆளே இல்லை. ஒரே ஒரு சரம் தப்பினாலும் மறுபடி ஏறுவார். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மேலே பார்க்க வேண்டிய கண் கீழே இருந்திருக்கிறது. ஏணி பிடிக்கிறவளோடு பேசிக்கொண்டே நின்றால் உச்சி எங்கே ஞாபகம் வரும்? என்னோடு பறிக்கும்போது வாயே திறக்காத மனுஷன்!

கடைசி வரிசையில் கோகிலவாணி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல உயரம். சேலைக்கு மேலே நீலக் கட்டம் போட்ட ஆண் சட்டை. அவரிடம் நீலக் கட்டத்தில் சட்டை இருந்ததா என்று யோசித்துக்கொண்டே நெருங்கினேன். மரத்தில் மிளகுக்கொடி அடர்த்தியாக இருந்ததால் அவருடைய கால் மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, வாங்க..." என்று சிரித்தவள், மேலே பார்த்து "அண்ணா" என்று கூப்பிடப் போனாள். உதட்டில் விரல் வைத்து அடக்கினேன். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா?

"தள்ளு. நான் புடிக்கறேன்" என்று கிசுகிசுத்தேன்.

"இல்லீங்க்கா, நானே..."

"தள்ளுங்கறேன்ல."

பையைக் கீழே போட்டு, அடியை மிதித்து, தோளைக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் அவள் கையை விலக்கினேன். அவள் பிடித்திருந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் பிடித்தேன்.

மேலே பறிக்கும் சத்தம் நின்றது. கால் அசையவில்லை. பிறகு ஒரு படி ஏறியது. நின்றது. இன்னொரு படி. அவருடைய கனம் மூங்கில் வழியாக என் தோளில் இறங்கியது. கால் கொடிக்குள் மறைந்து, உச்சியில் இலைகள் அசைந்தன. குருவிகள் பறந்தன.

கோகிலவாணி அண்ணாந்து பார்த்து வாயில் கை வைத்தாள். "அக்கா, உச்சிக்கே போய்ட்டாருங்க! நான் எத்தன கெட்டியாப் புடிச்சாலும் பாதி மரத்துக்கு மேல போவ மாட்டாருங்க. பயமா இருக்குது, போதும்னு எறங்கிருவாரு."

பயமா? இந்த மனுஷனுக்கா? தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு உச்சியிலும் சிவந்து கிடந்ததை வைத்து நான் என்னவெல்லாம் கற்பனை செய்துவிட்டேன்! அப்போதும் கோகிலவாணி மேல் எரிச்சல் போகவில்லை. அவர் எவ்வளவு உயரம் ஏறுகிறார் என்று இவள் எதற்கு இத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

"கோகிலா" என்று மேலிருந்து குரல் வந்தது. கோகிலாவாம்! "பலாமரத்துக் குத்தகை இந்த மாசத்தோட முடியுது. மறுக்கா உடலாமா, வேண்டாமான்னு ஒருத்தரைக் கேக்கோணும்."

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, கேக்கறவங்க மரத்து மேல நின்னுட்டுத்தான் கேப்பாங்களா? கீழ எறங்கிக் கேக்கறது."

என் குரல் கேட்டு அவர் திடுக்கிடவில்லை. ஏணியில் பிடி மாறியபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எறங்குனா நீ போயிருவ" என்றார்.

கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கலாம் என்றால் கையை எடுக்க முடியாது.

"கோகிலவாணி, நீ ஊட்டுக்குப் போ கண்ணு. நாளைக்கும் வர வேண்டாம்" என்றேன்.

"நாளைக்கு உங்களுக்குக் கோர்ட்டுங்களே அக்கா. பறிப்பு இல்லீன்னு அண்ணன் சொன்னாருங்களே."

"பறிப்பு இருக்குது. ஏணி புடிக்கவும் ஆள் இருக்குது."

அவள் புரிந்துகொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வரப்பு வரைக்கும் போனவளை விட மனம் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டே விட்டேன்.

"அந்தச் சட்டை யாருது?"

"எங்கூட்டுக்காரருதுங்க்கா!"

மேலே அவர் சிரித்தார். மூங்கில் குலுங்கியது.

"ஆடாம நில்லுங்க" என்று அதட்டிவிட்டு, தோளை இன்னும் அழுத்திக் கொடுத்தேன்.