நான் டைனோசர் முட்டை பேசுகிறேன்

முந்திரிக்கொட்டை உடைக்கிற கையால் போனைத் தொட்டால் திரையெல்லாம் கறையாகிவிடும். அதனால் கலைமணி வேலை நேரத்தில் போன் வந்தால் முழங்கையால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள். வந்த சேதியை ஜெயங்கொண்டம் ஷெட்டில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து கேட்டார்கள்.

"சண்முகப்பிரியாவோட அம்மாவா? அறிவியல் கூடத்துலேருந்து அழகேசன் பேசறேன். உங்க பொண்ணால முகாமுக்கே கெட்ட பேரு. உடனே கெளம்பி வாங்க."

அரியலூர் புறவழிச் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கூடம் அது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் பகல் முகாம் வைத்திருந்தார்கள். காலையில் கல், புதைபடிவம் என்று பாடம். மதியத்துக்கு மேல் களிமண், ஓவியம். ஏழாம் வகுப்பு டீச்சர் பிரியாவின் பெயரைக் கொடுத்து இலவசமாக இடம் வாங்கித் தந்திருந்தார். எட்டு நாளாக அவள் ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி, நம் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததென்றும், ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் என்ற பிராணி இங்கே நீந்தியதென்றும் சொல்லிக்கொண்டிருப்பாள். கலைமணி பாதியைக் கேட்பாள், பாதி நேரம் தூங்கிவிடுவாள்.

பஸ்ஸில் போகும்போது அவளுக்குள் கோபம் பொங்கியது. அரைநாள் வேலை போனதைவிட, ஷெட்டில் எல்லார் முன்னாலும் அசிங்கமாகிப்போனதுதான் அவளைக் குடைந்தது. எதைத் திருடினாளோ, யாரை அடித்தாளோ. எதுவானாலும் முதலில் முதுகில் ரெண்டு வைத்துவிட்டுத்தான் விசாரிப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

பிரியா அலுவலக அறைக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தாள். அழுத முகமாக இல்லை. அது கலைமணியின் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"அது முட்டை இல்லம்மா."

உள்ளே முகாம் பொறுப்பாளர் அழகேசன் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் கல் பாடம் நடத்தும் மஞ்சு நின்றுகொண்டிருந்தாள். திருச்சியில் நிலவியல் படித்துவிட்டு வந்த பெண். கலைமணியை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய உருண்டை இருந்தது. 'டைனோசர் முட்டை. அன்பளிப்பு: திரு. ராசாங்கம்' என்று அட்டை. ராசாங்கம் கல் கிரஷர் முதலாளி. அறக்கட்டளைத் தலைவரும் அவர்தான். நிறைவு விழாவுக்கு அவர் வரும்போது 'நான் டைனோசர் முட்டை பேசுகிறேன்' என்று ஒரு பிள்ளை மேடையேறிப் பேச வேண்டும். கணீரென்று குரல் இருப்பதால் பிரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். அதோடு விட்டாளா, பிள்ளைகள் சந்தேகங்களை எழுதும் கேள்விப் பலகையில் கொட்டை எழுத்தில் 'இது முட்டை அல்ல, கல்' என்று எழுதியும் வைத்துவிட்டாள்.

"யாரோட பொருளப் பத்தி எழுதறோம்னு ஒரு பயம் வேணாமா?" என்று அழகேசன் ஒரு காகிதத்தை நீட்டினார். "எலவசமா சேத்துக்கிட்டதுக்கு இதான் மரியாதையா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. புள்ள பேசட்டும். அதோட விட்டுடறேன்."

கையெழுத்துப் போடும் எண்ணத்தில்தான் கலைமணி பேனாவை வாங்கினாள். ஆனால் எட்டாவது வரை படித்தவள். எந்தக் காகிதமானாலும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள். 'என் மகள் அறியாமையால் பொய்யான தகவலை எழுதிவிட்டாள்' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"பொய்யின்னு போட்டிருக்குங்களே."

"சும்மா ஒரு வார்த்தைம்மா அது."

கலைமணி வாசல் பக்கம் திரும்பினாள். "பிரியா, எத வச்சுக் கல்லுன்னு சொன்ன?"

"பெட்டிக்குப் பின்னாடி, செவுத்துப் பக்கமா அது ஒடைஞ்சிருக்கும்மா. முட்டைன்னா ஓரத்துல ஓடு தெரியணும். அதுல ஓடே இல்ல. உள்ள அம்மோனைட்டுல இருக்கிற மாதிரி வரிவரியா தெரியுது. நம்ம பக்கம் நெஜ முட்டையும் கெடைச்சிருக்கு. இது அது இல்ல. லென்ஸ் வச்சுப் பாக்க மஞ்சு டீச்சர்தான் சொல்லிக்குடுத்தாங்க."

கலைமணி மஞ்சுவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். கல்லா, முட்டையா?"

மஞ்சு மேசையைப் பார்த்தபடி, "அது ராசாங்கம் சார் குடுத்தது அக்கா..." என்று இழுத்தாள்.

"யாரு குடுத்தான்னு கேக்கல. கல்லான்னு கேட்டேன்."

மஞ்சு அழகேசனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கல்லுதான்க்கா."

"மஞ்சு," என்றார் அழகேசன்.

"கல்லுதான் சார். மொத நாளே உங்ககிட்ட சொன்னேன்."

கலைமணி பேனாவை மூடி மேசையில் வைத்தாள். முதுகில் வைக்க நினைத்த ரெண்டு அடியை நினைத்ததும் அவளுக்கே என்னவோ போல் இருந்தது. "அவ நெசமாவே பொய் சொல்லியிருந்தா நானே தோல உரிச்சிருப்பேன் சார். நெசத்தப் பொய்யின்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப நாளைலேருந்து பொண்ண அனுப்பாதீங்க. சான்றிதழும் கெடையாது."

"வருவேன்," என்றாள் பிரியா. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

மறுநாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வரைக்கும் பிரியா வெளியே சரளைக் குவியலில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். பக்கத்தில் புளிய மர நிழலில் கலைமணி உட்கார்ந்திருந்தாள். அன்றைய வேலையும் போயிற்று. ஆனால் முதல் நாள் இருந்த அவமானம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நிறைவு நாளில் எல்லாருக்கும் அனுமதி என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். எல்லாரும் என்றால் நாமும்தானே என்று கலைமணி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டத்தில் வாட்ச்மேனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மஞ்சு எதுவும் பேசாமல் வந்து, தன் லென்ஸைக் கலைமணியின் கறைபடிந்த உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

கலைமணி பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிரியா அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினாள். சட்டென்று தெரிந்தது. உடைந்த இடத்தில் நெருக்கமாக, வளைந்து வளைந்து வரிகள். ஓடு என்று சொல்ல எதுவும் இல்லை.

"அங்க என்னம்மா பாக்குறீங்க?"

நிமிர்ந்தாள். பொன்னாடையோடு ராசாங்கம் நின்றிருந்தார். பின்னால் அழகேசன், அவருக்குப் பின்னால் பெற்றோர், பிள்ளைகள்.

"இது கல்லுங்க," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"எங்கப்பா காலத்துலேருந்து முட்டைன்னுதான் பாத்துட்டு வரோம்."

"அது உங்க வூட்டுக்குள்ள இருக்கட்டுங்க. இங்க புள்ளைங்க படிக்க வருது." லென்ஸை நீட்டினாள். "நீங்களே பாருங்க."

ராசாங்கம் லென்ஸை வாங்கவில்லை. பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு மேடைப் பக்கம் நடந்துவிட்டார். அழகேசன் வேர்த்து வழிய அவர் பின்னாலேயே ஓடினார்.

மேடையில் வேறொரு பையன் 'நான் டைனோசர் முட்டை பேசுகிறேன்' என்று தொடங்கினான். கேட்க ஆள் குறைவாக இருந்தது. பெட்டிக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டியிருந்தார்கள். பிரியா ஒவ்வொருத்தர் கையிலும் லென்ஸைக் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு அப்பாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்திப் பார்த்தார்.

சான்றிதழ் கொடுத்தபோது அவள் பெயரை வாசிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் அட்டையிலும் முட்டை என்றே இருந்தது. பந்தல் பிரிக்கிற நேரத்தில் கலைமணி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அழகேசனிடம் போனாள். அவர் இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தார்.

"அடுத்த வருச முகாமுக்கு அப்ளிகேசன் பாரம் எப்ப குடுப்பீங்க சார்?" என்று கேட்டாள்.