இடிந்த வளைவின் கீழ் ஒரு கையெழுத்து

நான் ரோமாபுரியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பாரிஸில் என்னைப்போல் அந்த ஊரை இடித்தவன் எவனும் கிடையாது. தூணுக்கு மூன்று விரிசல், வளைவுக்கு ஒரு செடி, அடியில் குளத்தங்கரையில் துணி துவைக்க ஒருத்தி. நாற்பது வருஷம் இதை வரைந்துதான் சாப்பிட்டேன்.

பட்டு வியாபாரி கொர்பினியேயின் சாப்பாட்டு அறையில் ஒரு சுவர் முழுக்க அப்படி வரைந்து கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தச் சுவரோரம் யாரும் உட்காரவில்லை. வளைவின் உச்சிக்கல் தலையில் விழுந்துவிடுமாம். விருந்தாளிகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் ஒண்டினார்கள்.

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை நீதிபதி மல்வுவா வருகிறார். அவர் மகனுக்கும் கொர்பினியேயின் மகள் ஒனோரினுக்கும் கல்யாண ஒப்பந்தம். நீதிபதியோ பாலம் வந்தால் வண்டியை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வரும் ஆள்.

"அவரு பயந்து எழுந்து போயிட்டா என் பொண்ணு கதி என்னய்யா?" என்று கொர்பினியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பர்து மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து படத்தின்மேல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"நிக்காதுங்க."

"ஆயிரத்தைந்நூறு வருஷமா நிக்குதய்யா," என்றேன்.

"எப்ப வரைஞ்சீங்க?"

"மார்ச்சுல."

"அதான். மழை ஈரத்துல எழுப்பியிருக்கீங்க. நாலு விரல் தடிமன்ல ஒரு முட்டு குடுங்க."

நல்ல ஓக் மரமாகப் பார்த்து ஒரு முட்டு வரைந்தேன்.

ஞாயிறு வந்தது. சுவர் ஏதாவது செய்தால் கவனிக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீதிபதி முட்டுக்கட்டையை ஏற இறங்கப் பார்த்தார், திருப்தியாக அதன் கீழேயே உட்கார்ந்தார். சூப் வந்தது. அவர் கரண்டி பாதி வழியில் நின்றது.

"நமக்கு முட்டு இருக்கு, சரி. அந்தப் பொம்பளைக்கு?"

"எந்தப் பொம்பளைங்க?" என்றார் கொர்பினியே.

"கல்லுக்கு நேர் கீழ துவைக்கிறாளே! ஒரு உசுரு நசுங்கப் போகுது, நான் சூப் குடிக்கணுமா?" ஒப்பந்தத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அப்பா, அது படம்," என்றான் மகன்.

"படம்னா முட்டு எதுக்குடா?"

ஒனோரின் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஐயா, அவளைக் கொஞ்சம் தள்ளி உக்கார வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாற்காலிமேல் ஏறினேன். துணி, கூடை, ஆள் எல்லாவற்றையும் குளத்தின் இடது கரைக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. வாத்துக்கறி ஆறிப்போனது. நீதிபதி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

அவர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவும் 'தொம்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தோம். படத்தில் உச்சிக்கல்லைக் காணோம். அவள் முன்பு இருந்த இடத்தில், புல்லில் கிடந்தது. நான் வரையவில்லை, தூரிகையைக் கழுவி வைத்துவிட்டிருந்தேன்.

நீதிபதி கையெழுத்தின் மை காய மணல் தூவினார். பிறகு இன்னொரு கிண்ணம் சூப் கேட்டார்.

மறுநாள் பர்து வந்து முட்டுக்கட்டையை அளந்து பார்த்தார்.

"மூணு விரல்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.